சுபநேரத்துக்கு முன் ஒரு ஏற்றம்

பத்தரை மணி சுபநேரத்தில் சாவியை வாங்கி, கிழக்குப் பார்த்து வண்டியை எடுக்க வேண்டும் என்று சோதிடர் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்கு முன் என் கணவர் லலந்த ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அதனால் காரை ஓட்டிக் காட்டியது விற்கிற குணரத்ன முதலாளிதான். கண்டி ஏரியைச் சுற்றி அலுங்காமல் ஓட்டினார்.

"எப்படி மல்லி?" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கேட்டார். "தேத்தண்ணி கப்ப மடியில வச்சிருந்தாலும் சிந்தாது."

பக்கத்து இருக்கையில் லலந்த சிரித்தார். விபத்தில் இடது கால் போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கிளச் இல்லாத ஆட்டோ கியர் வண்டியைத்தான் அவரால் ஓட்ட முடியும். எங்கள் கைக்கு எட்டிய ஒரே வண்டி இது.

சிக்னலில் நின்று கிளம்பும்போது, பின்னிருக்கையில் என் முதுகுக்கு ஒரு உதறல் தெரிந்தது. சின்னதுதான். மறுபடி நின்று கிளம்பியபோது மறுபடியும்.

சொல்வதா? ஒருவேளை வேண்டாம் என்று சொல்ல நான்தான் காரணம் தேடுகிறேனா? எங்கே போனாலும் அவர் என் தோளைப் பிடித்தே போவது எனக்குப் பழகியிருந்தது. அது பிடித்தும் இருந்தது என்பதை அந்தச் சிக்னலில்தான் தெரிந்துகொண்டேன். அதனாலேயே வாயைத் திறக்கக் கூசியது.

"முதலாளி, எங்க வீடு ஹந்தானை மேட்டுல. ஒருதரம் ஏத்திப் பாத்துடலாமா?"

"நேரம் தப்பிடும் மிஸ்."

"இரோமி, சும்மா இரேன்," என்றார் லலந்த.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

முதலாளி கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "டீச்சர்மாருக்குப் பரீட்சை வைக்காம இருக்க முடியாது," என்று வண்டியைத் திருப்பினார்.

முதல் வளைவு ஏறியது. இரண்டாவதில் என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. முதலாளி மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது. பிறகு மெல்லப் பின்னால் சரிந்தோம். பின்னால் மரக்கறி லொறி ஹார்னை விடாமல் அடித்தது. லலந்தவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் இல்லாத இடத்தில்.

முதலாளி கைப்பிரேக்கை இழுத்தார். லொறி ஒரு முழ இடைவெளியில் நின்றது.

"கியர் எண்ணெய் சூடாயிடுச்சு. மாத்தினாச் சரியாயிடும் மல்லி."

"எண்ணெய்தானே?" லலந்தவின் குரல் கெஞ்சியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எண்ணெய் இல்ல லலந்த. கியர் பெட்டியே போயிருக்கு. நாளைக்கு இதே இடத்துல நீங்க தனியா இருப்பீங்க."

லலந்த கதவைத் திறந்தார். ஊன்றுகோல்களை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னும் நேரம் இருக்கு மல்லி!" என்று முதலாளி கூப்பிட்டார்.

லலந்த திரும்பாமல் மேலே நடந்தார். நான் தோளைக் கொடுக்கப் போனேன்; தட்டிவிட்டார். வீட்டுக்கு இன்னும் நான்கு வளைவுகள். அடுத்த வளைவில் மூச்சு வாங்க நின்றார்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்," என்றேன்.

அவர் மறுபடி ஏறத் தொடங்கினார். நான் இரண்டடி பின்னால் போனேன்.