அவள் ஓட்டிய வண்டி

அந்தக் காரை வாங்கியது அவளுக்காகத்தான். இதை அவள் புருஷன் ஸ்பேனரே மறுக்க மாட்டான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு ஊசிக்கு வருகிறவர்கள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அதற்கு முன்னால் அவள் போய்க் கதவைத் திறந்தாக வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போவது பெரிய அலைச்சலாக இருக்கிறதென்று, யாரோ வயதான தம்பதி கண்ணும் கருத்துமாக வைத்திருந்த ஒரு சின்ன காரைத் தேடிப் பிடித்தார்கள். வெள்ளை நிறம், சப்பை மூக்கு. ஏசியைப் போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். அவள் தம்பி அதற்குப் 'பால்டப்பா' என்று பெயர் வைத்தான்.

"கேலி பண்ணாதடா. என்னைச் சுமக்குது இல்ல, அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அவள் கார் கதவைத் தட்டிக்கொடுத்தாள்.

ஸ்பேனருக்குக் கம்பெனி வேன் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவன் பேண்ட் பையில் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. மிக்ஸி, சுவர்க்கடிகாரம், மாமியாருடைய தையல் மெஷின் எல்லாமே ஒருமுறையாவது அவன் கையில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்திருக்கின்றன. மாமியார் அதற்குப் பிறகு அவனைப் பார்த்தாலே மெஷினைத் துணி போட்டு மூடிவிடுவாள்.

டயர் கடை வைத்திருந்த அந்த மச்சினன்தான் அவனை முதன்முதலில் அந்த மைதானத்துக்கு அழைத்துப் போனான். மொத்த மார்க்கெட்டில் லாரிகள் நிற்கும் சிமெண்ட் தரை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். சிவப்புப் பிளாஸ்டிக் கூம்புகளை நெளிவும் வளைவுமாக வைத்து அங்கே ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒரு கூம்பு சாய்ந்தால் இரண்டு நொடி கூட்டிவிடுவார்கள். ஆட்டோகிராஸ் என்றார்கள் அதை. ஓட்ட வந்தவர்களில் பேக்கரிக்காரர் இருந்தார், பல் டாக்டர் இருந்தார், கணக்கு வாத்தியார் ஒருவரும் இருந்தார். கார்களும் வாரம் முழுக்கப் பிள்ளைகளையும் காய்கறியையும் ஏற்றித் திரிகிற சாதாரண கார்கள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர் கூம்புகளை வைப்பார், கடிகாரத்தைப் பிடித்து நேரத்தைப் பலகையில் எழுதுவார். அவரை எல்லோரும் கூம்பண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்றே ஸ்பேனருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வேனைக் கொண்டுபோக முடியாது. அடுத்த முறை பால்டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேடிக்கை பார்க்க அவளும் கூட வந்தாள்.

அவன் ஓட்டினான். டயர் கதறியது, புகை வந்தது, ஒரு கூம்பு காருக்கு அடியில் சிக்கி இழுபட்டு வந்தது. வேர்த்து விறுவிறுத்து இறங்கியவனிடம் அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"என்னங்க, நானும் ஒருதடவை சுத்திட்டு வரட்டுமா?"

"போயேன். வளைவுல மட்டும் பார்த்து."

அவள் சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், கிளம்பினாள். கார் போன சத்தமே பெரிதாகக் கேட்கவில்லை. திரும்பி வந்து நின்றபோது கூம்பண்ணன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ஸ்பேனரைவிட அவள் ஒன்றரை நொடி முன்னால். கூம்பு ஒன்றுகூட அசையவில்லை.

"மாமா, பால்டப்பா உங்க பேச்சைவிட அக்கா பேச்சைத்தான் கேக்குது!" என்று மச்சினன் கத்தினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்பேனரும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பொய் எதுவும் இல்லை.

வீடு திரும்பும்போது கேட்டான்: "எப்படி ஓட்டினே அப்படி?"

அவள் யோசித்தாள். "நரம்பு தேடற மாதிரிதாங்க. அழுத்தினா நழுவிடும். அது எங்க போகுதோ கூடவே மெதுவாப் போகணும்."

அதன்பின் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றாலே இருவருக்கும் ஒரு துள்ளல் இருந்தது. ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பெரும்பாலும் அவளே முன்னால் வந்தாள். போகும் வழியில் சண்டை, வரும் வழியில் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை என்பதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

அவன் கவனித்ததெல்லாம் அந்த ஒன்றரை நொடியைத்தான். அது எங்கே ஒளிந்திருக்கிறது? காரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான்.

முதலில் பின்சீட்டைக் கழற்றினான். "எடைதான் எமன். குறைச்சா ரெண்டு பேருக்கும்தானே நல்லது?" என்றான். அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உதவினாள். பிறகு ஸ்டெப்னி, தரை விரிப்பு, ஸ்பீக்கர் எல்லாம் போயின. அடுத்து ஏசி. வெயில் காலத்தில் வேலைக்குப் போய் வந்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதன் பிறகு ஸ்பிரிங். நாலு சக்கரத்துக்கும் விறைப்பான, குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டான். ரோட்டில் ஒரு கூழாங்கல் மேல் ஏறினாலும் முதுகெலும்பு எண்ணிச் சொல்லும். பவர் ஸ்டீயரிங் இன்ஜினின் பலத்தில் கொஞ்சம் தின்றுவிடுகிறது என்று அதன் பெல்ட்டையும் அறுத்தெடுத்தான். அவன் லிஃப்ட் கயிறு இழுத்துப் பழகிய கைக்காரன். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் அவள் சாப்பிடும்போது சொன்னாள்: "இன்னிக்கு ஒரு பெரியம்மாவுக்கு ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சுங்க. எனக்கு அப்படி ஆனதே இல்ல. ஸ்டீயரிங்கை இழுத்து இழுத்து மணிக்கட்டு நடுங்குது."

"பழகப் பழகக் கையில பலம் வந்துடும்" என்றான் அவன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அவள் பஸ்ஸில் போனாள். "இந்த வாரம் மட்டும்" என்று அவன் சொல்லிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஷெட்டில் ஜாக்கி மேல் ஏற்றிய காரை வாரம் முழுக்க இறக்கவே வேண்டியதில்லை. வாரம் மாதமானது.

கடைசியாக வந்தது பந்தய சீட். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி வாளிபோல் குழிந்த சீட். அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டு உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. கிளட்சைக் கட்டைவிரல் நுனிதான் தொட்டது. கையை சீட்டுக்கு அடியில் விட்டுத் துழாவினாள்.

"முன்னால தள்றது எங்கங்க இருக்கு?"

"சீட் நகர்ற அந்தத் தண்டவாளம் சும்மா கனம். எடுத்துட்டேன். சீட்டை நேரா தரையோட போல்ட்டுப் போட்டு முறுக்கியாச்சு. நீ முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சுக்கோ."

போல்ட்டுப் போட்ட இடம் அவன் கால் நீளத்துக்கு அளவெடுத்த இடம். அது அவன் மனசில் உறைக்கவே இல்லை. அவள் வீட்டுக்குள் போய் சோபாத் திண்டை எடுத்துவந்து முதுகுக்குப் பின்னால் வைத்து, "நல்லா இருக்கு, ஹாலை ஓட்டற மாதிரி இருக்கு" என்றாள். அவன் விழுந்து சிரித்தான். அவள் சிரித்தாளா என்று இன்றைக்கு யோசித்தால் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், கார் இன்னும் வெடுக்கென்று திரும்பட்டும் என்று பின் டயர்களில் காற்றை ஏற்றி வைத்தான். அவன் ஓட்டினான். கார் வாலை வீசிக்கொண்டு திரும்பியது. முதல்தடவையாக அவளுடைய மிகச் சிறந்த நேரத்தை முந்திவிட்டான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. அந்தக் குஷியில் காற்று விஷயத்தை அவளிடம் சொல்ல மறந்துபோனான்.

அவள் திண்டை வைத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது வளைவில் வழக்கம்போல் மெதுவாகத்தான் திருப்பினாள். பின்பக்கம் சறுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கார் பம்பரமாகச் சுற்றி, ஒரு வரிசைக் கூம்பை வாரி இறைத்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. திண்டு ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடி ஒன்றும் படவில்லை. "அக்கா, சர்க்கஸ்ல சேர்ந்துடலாம்!" என்று பேக்கரிக்காரர் சிரிக்க, நாலு பேர் கை தட்டினார்கள். யாரும் கெட்ட மனசோடு சிரிக்கவில்லை.

அவள் இறங்கி வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னமோ மாத்தியிருக்கீங்க. சொல்லியிருக்கலாமே."

அந்த இடத்தில் அவன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆனால், "வண்டி இனிமே இப்படித்தான் இருக்கும். நீதான் கொஞ்சம் கத்துக்கணும்" என்று சொன்னான். பல் டாக்டர் பக்கத்தில் நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

அவள் திரும்பி நடந்தாள். மைதானத்துக்குள் போய், கூம்பண்ணனோடு சேர்ந்து சிதறிய கூம்புகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு முதுகுவலி என்றாள். அதற்கடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்புறம் காரணம் கேட்பதை அவன் விட்டுவிட்டான். அவனுக்கு நல்ல காலமாகவும் இருந்தது. அந்த வருஷம் சின்னக் கார்ப் பிரிவில் முதல் கோப்பை அவனுக்கு. கொண்டுவந்து கொடுத்ததும் அவள் முகம் மலர்ந்துதான் வாங்கினாள். துடைத்து, ஷோகேஸில் நடுவில் இடம் பண்ணி வைத்தாள். "நிறைய உழைச்சீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்குப் பிறகு மனசு லேசாகியிருக்கும்.

மச்சினன்தான் போட்டு உடைத்தான். டயர் மாற்றக் கடைக்குப் போன அன்று, சக்கரத்தை உருட்டிக்கொண்டே, "மாமா, கோச்சுக்காம இருந்தா ஒண்ணு கேக்கறேன். இது யாரோட வண்டி?" என்றான்.

"இதென்னடா கேள்வி? எங்க வண்டி."

"அக்காவால உக்காரவே முடியலையே மாமா. காலைல மழையில பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தா. ஏறுன்னு வண்டியை நிறுத்தினேன். ஏறி உக்காந்தவ, உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அதான் எனக்கு உறுத்துது."

ஸ்பேனர் டயரை மாற்றாமலே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வந்து, அந்த வாளி சீட்டில் உட்கார்ந்தபடியே ஷெட்டில் வெகுநேரம் இருந்தான். சீட் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் தாங்கவில்லை.

பிரிப்பது சுலபம், பழையபடி ஆக்குவதுதான் பெரும்பாடு. அவள் சீட்டை அவன் பழைய இரும்புக்காரனிடம் போட்டிருந்தான், அது எப்போதோ நசுங்கிப் போயிருக்கும். ஊரில் ஒரு காயலான் கடை விடாமல் அலைந்து அதே மாதிரிக் காரின் சீட் ஒன்றைப் பிடித்தான். நிறம் வேறு. பழைய ஸ்பிரிங், புது பெல்ட், வேறொரு ஏசி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பந்தயத்துக்குப் போகாமல் ஞாயிறுதோறும் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தான். இன்னொரு கோப்பைக்குத்தான் பாடுபடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனும் சொல்லவில்லை. திடீரென்று காட்டி அசத்தலாம் என்ற சின்னப்பிள்ளை ஆசை.

காட்டினான். அவள் உள்ளே உட்கார்ந்து அடியிலிருந்த கம்பியைத் தூக்கினாள். சீட் அவளோடு முன்னால் நகர்ந்தது. இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை மாசம் உள்ளேயே கிடந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை வாயேன். ஒரே ஒரு தடவை."

"ஞாயித்துக்கிழமை நான் நீச்சல் கத்துக்கப் போறேனே. கூட வேலை செய்யறவங்க நாலு பேர் சேர்ந்து போறோம். உங்ககிட்ட சொன்னேனே." அவள் சொல்லித்தான் இருந்தாள். அவன் காதில்தான் விழவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இந்த வாரம் மட்டும் வரேன்" என்றாள்.

மைதானத்தில் எல்லோரும் அக்கா அக்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். அவள் கிளம்பியபோது ஸ்பேனர் கயிற்றோரம் நின்றான். இத்தனை நாளும் அவள் ஓட்டும்போது அவன் காற்றுமானியோடோ, அடுத்தவன் இன்ஜினுக்குள் தலையை விட்டபடியோதான் இருந்திருக்கிறான். முழுதாக நின்று பார்ப்பது இதுதான் முதல்முறை. ஒவ்வொரு கூம்பையும் கார் உரசாமல் உரசிப் போனது. அவள் கழுத்து துளிகூட வெடுக்கென்று ஆடவில்லை. அழகாக இருந்தது. ஆனால் வேகம் இல்லை. நேரம் பழையதைவிட ரொம்பப் பின்தங்கியிருந்தது.

"கை மறந்துடுச்சுங்க" என்றாள் இறங்கி.

"ரெண்டு வாரத்துல பழகிடும்."

"பழகும். பழகணும்னுதான் தோணல." சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க மேல கோவம்னு நினைச்சுக்காதீங்க. இருந்துச்சு. இப்ப இல்ல. அது போனப்ப இந்த ஆசையும் கூடவே போயிடுச்சு."

அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். கூம்பண்ணன் பலகையைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "அப்பல்லாம் அவ நேரத்தைக் கடைசியாத்தான் எழுதுவேன், தம்பி. நீங்கல்லாம் ஜெயிச்சோம்னு மிதப்புல நிப்பீங்க பாரு, அந்த முகம் மாறறதைப் பாக்கறதுக்காக. இந்த மைதானத்துல அவ மாதிரி ஒருத்தரும் ஓட்டினதில்ல."

வேறொரு காரை வாங்கிப் பந்தயத்துக்கு வரச்சொல்லி மச்சினன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஸ்பேனர் நாளைக் கடத்திவிட்டான்.

இப்போது கார் மறுபடி வேலைக்குப் போய்வருகிறது. விடிகாலையில் அவள் அதை ஷெட்டிலிருந்து பின்னோக்கி எடுப்பாள். குறுகலான சந்து, ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. ஒரே வீச்சில், நிறுத்தாமல், எதிலும் படாமல் கார் வெளியே வந்து தெருவில் திரும்பும். வாயில் பிரஷ்ஷோடு ஸ்பேனர் குளியலறை ஜன்னலோரம் நின்று, அது முனை திரும்பி மறைகிறவரை தினமும் பார்த்துக்கொண்டிருப்பான்.