வெள்ளிக்கூடு

இவள் என்னைப் பார்க்க வரவில்லை. வந்து கதிரையில் இருந்த நேரம் தொடக்கம் இவளுடைய கண் என் கழுத்தடிக்குப் போய்ப் போய் வருகிறது. இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கேட்கட்டும். கேட்கும்வரை நானாக வாய் திறக்கக் கூடாது.

இப்படி நினைத்தபடி அன்னபூரணம் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். தாலிக்கொடியில், தாலிக்குப் பக்கத்தில், ஒரு சிறிய வெள்ளிக்கூடு தொங்கியது. மகன் லவன் பிறந்த பின் விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்து அதற்குள் அடைத்து, அவன் அரைநாணில் கட்டிவிட்டது அவள்தான். இடம்பெயர்ந்து போயிருந்த அக்கராயனில் அவன் இறந்து, குளிப்பாட்டிக் கிடத்தியபோது அரைநாணை அறுத்து எடுத்ததும் அவள்தான். சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போகப் பாதை இல்லாத போர்க்காலம். சாம்பலைப் பக்கத்து வாய்க்காலில் கரைத்தார்கள். அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்குப் போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது. சமாதானம் வந்து, சொந்த ஊரான சுருவிலுக்குத் திரும்பி, பாதிக் கூரை போன வீட்டுக்குள் கால் வைத்தபோது அவனுடைய ஒரு படம்கூட மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சியது கழுத்தில் கிடந்ததுதான்.

"தேத்தண்ணி ஆறுது பிள்ளை," என்றார் அன்னபூரணத்தின் கணவர் குலசிங்கம். "எங்கடை கிணத்துத் தண்ணி உப்புத்தான். லண்டன் நாக்குக்குப் பிடிக்காது போலை."

"இல்லைப் பெரியப்பா, குடிக்கிறன்," என்றாள் பிரியவதனி. ஆனால் கோப்பையைத் தொடவில்லை.

பிரியவதனி, அன்னபூரணத்தின் தங்கை சிவக்கொழுந்தின் மகள். பாவாடை கட்டத் தொடங்கிய வயதில் இங்கிருந்து போனவள். இப்போது லண்டனில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. யாழ்ப்பாணத்தில் வான் பிடித்து, பண்ணைப் பாலத்துக் காவலரணில் பையைத் திறந்து காட்டி, வெயிலில் வந்து இறங்கியிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. குசினியில் பொரித்துக்கொண்டிருந்த மீனின் வாசத்துக்கு அவள் மூக்கைச் சுருக்கியதை அன்னபூரணம் கண்டாள். வெளிநாட்டுப் பிள்ளை, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, லவனுக்கு வந்த தசை வருத்தத்தைப் பற்றித்தான் நாங்கள் ஆராயிறம்," என்று பிரியவதனி தொடங்கினாள். நெடுநாள் மனப்பாடம் செய்ததைப்போல மெதுவாகச் சொன்னாள். "எங்கடை தசைக்குள்ளை ஒரு புரதம் இருக்குது. தசை சுருங்கி விரியேக்கை கிழிஞ்சு போகாமல் தாங்கிறது அதுதான். லவன்ரை உடம்பிலை அது இருக்கேல்லை. அதைச் செய்யச் சொல்லுற மரபணுவிலை எங்கையோ பிழை. அதாலை தசை கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்து, அந்த இடமெல்லாம் கொழுப்பு வந்து நிரம்பும். கெண்டைக்கால் பெருத்து இருந்திருக்குமே?"

அன்னபூரணம் குலசிங்கத்தைப் பார்த்தாள். அவர் முற்றத்தைப் பார்த்தார்.

அந்தக் கால்களை எவ்வளவு கொண்டாடினார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குத் திரண்டு உருண்ட கெண்டைக்கால். ஓட்டக்காரன் கால் என்று ஊரே சொன்னது. நாவூறு படுமென்று அவள் அதில் கரிப்பொட்டு வைத்தாள். தன் தம்பிக்கும் சின்ன வயதில் அதே கால்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது, அதையும் பெருமையாகத்தான் நினைத்தாள். தம்பி பள்ளிக்கூடம் முடிக்க முன்பே போய்ச் சேர்ந்தது காய்ச்சலில் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிறகு லவன் நிலத்திலிருந்து எழும்பும்போது கையைத் தொடையில் ஊன்றி, ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுகிறவன்போல எழும்பத் தொடங்கினான். விளையாடுகிறான் என்று சிரித்தாள். பிறகு பஞ்சி பிடித்த சோம்பேறி என்று ஏசினாள். முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாள். அந்தக் கால்கள் இன்னும் பெருத்தன. ஒருநாள் அவை நின்றுபோயின. முதல் இடம்பெயர்ந்து வந்து இருந்த வலிகாமத்தையும் விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட மழையில், குலசிங்கம் அவனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அவளுடைய சேலையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டி உருட்டினார்.

"இப்ப ஒரு மருந்து செய்து பாக்கினம் பெரியப்பா. பிழையான இடத்தைத் தாண்டி மிச்சத்தை வாசிக்க வைக்கிற மருந்து. புரதம் முழுசாய் வராது. கொஞ்சம் கட்டையாய் வரும், ஆனால் வேலை செய்யும். எலியளுக்குக் குடுத்துப் பாத்தாச்சு."

"எலி நடந்துதோ?"

"முந்தியை விட நல்லாய்."

"நல்ல விசயம்," என்றார் குலசிங்கம். கிண்டலாகச் சொல்லவில்லை. பிறகு, "கொஞ்சம் பிந்திப் போச்சு, அவ்வளவுதான்," என்றார்.

பிரியவதனி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா சொன்னவ, அவன்ரை தொப்புள்கொடி உங்களிட்டை இருக்கெண்டு. காய்ஞ்சதெண்டாலும் அதிலை இருந்து மரபணுவை எடுக்கலாம். ஆனால் அரைச்சுக் கரைச்சுத்தான் எடுக்கவேணும். திருப்பித் தரேலாது."

மீன் கருகும் வாசம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"இஞ்சரும்," என்றார் குலசிங்கம் மனைவியிடம், குரலைத் தணித்து. "அது உம்மடை கழுத்திலை கிடந்து என்ன செய்யப்போகுது? வேறை பிள்ளையளுக்கு உதவுமெண்டால் குடுமன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஏதோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை, தொடையில் கையூன்றாமல் எழும்பும். அவன் இருந்திருந்தால் தானே கழற்றிக் கொடுத்திருப்பான். பிஸ்கட்டில்கூட முதல் பாதியை மற்றவர்களுக்கு உடைத்துக் கொடுத்தவன். அன்னபூரணத்தின் விரல்கள் தாலிக்கொடியின் கொளுக்கிவரை போய்விட்டன.

அப்போதுதான் பிரியவதனி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கிணற்றடிக்கு ஓடினாள்.

அன்னபூரணம் பின்னால் போனாள். வாழையடியில் குனிந்து ஓங்காளித்த பெண்ணின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். வாளித் தண்ணீரில் முகம் துடைத்துவிட்டாள். பெண்ணின் மற்றக் கை தன் அடிவயிற்றைப் பொத்தியபடி இருந்தது. கேட்காமலே எல்லாம் விளங்கிற்று.

"கொம்மா சிவக்கொழுந்துக்குத் தெரியுமே?"

"இல்லை. இவருக்கு மட்டும்தான்." பிரியவதனி கிணற்றுக் கட்டில் இருந்தாள். "ஆம்பிளைப் பிள்ளை பெரியம்மா. சோதிச்சுச் சொல்லிப்போட்டினம். உங்களுக்கு வந்த அந்தப் பிழை அம்மாவுக்கும் வந்திருக்கலாம், எனக்கும் வந்திருக்கலாம். என்ரை ரத்தத்தைப் பாத்தனாங்கள். ஒண்டும் பிடிபடேல்லை. எங்களுக்கு, பொம்பிளையளுக்கு, அந்த மரபணு ரெண்டு பிரதி இருக்குது, நல்லது கெட்டதை மறைச்சுப் போடும். ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒண்டே ஒண்டுதான். அதாலைதான் அவையளுக்கு வருத்தம் வாறது, அதாலைதான் அவையளிட்டைப் பிழையும் டக்கெண்டு தெரியிறது. வயித்துப் பிள்ளையிலை எடுக்கிற துளி முழு மரபணுவையும் தேடக் காணாது. லவன்ரையிலை எந்த இடமெண்டு தெரிஞ்சால், இந்தப் பிள்ளையிலை அதே இடத்தைப் பாக்கலாம்."

"இல்லாட்டி?"

"நிம்மதியாய்ப் பெறுவன்."

"இருந்தால்?"

பிரியவதனி துலாக்கயிற்றின் நுனியைப் பிடித்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள்.

அன்னபூரணத்துக்கு அவளைப் பார்க்கக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் இலேசாக இருந்திருக்கும். இந்தப் பெண் புத்தகத்தில் படித்துத்தான் பயப்படுகிறாள். அன்னபூரணத்தின் கைகளுக்கு அது தெரியும். இரவு முழுக்க ஒரு பிள்ளையைப் புரட்டிப் புரட்டிக் கிடத்துகிற கை. கடைசி மாதங்களில் சளியைத் துப்பக்கூடப் பலமில்லாமல் அவன் மூச்சுக்கு அலைந்ததைப் பார்த்தவள், இன்னொருத்தியைப் பார்த்துப் பெறு என்று சொல்ல முடியாது. அவளே ஒருநாள் அக்கராயன் கொட்டிலில், இவனை எடுத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறாள்.

ஆனால் அதே கொட்டிலில்தான் அவன் ஒருநாள் கேட்டான். கிணற்றடிக்கு அவனை முதுகில் சுமந்து போகும்போது, காதுக்குள், பகிடி போலத்தான் கேட்டான். "முதலே தெரிஞ்சிருந்தால் என்னைப் பெத்திருப்பியளோ அம்மா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. பதினான்கு வயதுப் பிள்ளையின் பாரம். கிணற்றடியில் இறக்கிவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தாள். இறக்கியதும் அவன் கோழி ஒன்றின் நடையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டான். அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அவன் திரும்பக் கேட்கவுமில்லை.

இருவரும் உள்ளே வந்தார்கள். குலசிங்கம் கருகிய மீனை இறக்கி வைத்திருந்தார். பிரியவதனி பையைத் திறந்து மூடியுள்ள சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். வெறும் போத்தல். வெளிச்சம் அதற்குள்ளால் ஊடுருவி மேசையில் விழுந்தது.

அன்னபூரணம் தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். வெள்ளிக்கூட்டை விரல்களுக்கிடையில் உருட்டினாள். உடம்பின் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. கொடியைத் திரும்ப ரவிக்கைக்குள் விட்டாள்.

"ஏலாது பிள்ளை."

"பெரியம்மா..."

"மருந்துக்கெண்டு மட்டும் கேட்டிருந்தால் தந்திருப்பன். கழட்டவும் வெளிக்கிட்டனான். நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன்னை ஒரு சொல்லுச் சொல்லன். கொம்மாவையும் சொல்ல விடமாட்டன். ஆனால் அந்த முடிவுக்கு அவனைச் சாட்சிக்குக் கூப்பிடாதை."



"என்ரை ரத்தத்தை எடு," என்றாள் அன்னபூரணம். "எவ்வளவு வேணுமெண்டாலும் எடு. எனக்குள்ளையும் அது இருக்குதெல்லே."

"உங்களிலை தேடிப் பிடிக்கக் கனநாள் எடுக்கும் பெரியம்மா. அதுக்குள்ளை..." பிரியவதனி அடிவயிற்றைத் தொட்டாள்.

"எனக்கு விளங்குது."

ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி, வலது கையை மேசையில் நீட்டி வைத்தாள் அன்னபூரணம். பிள்ளை சுமந்து முறுகிய கை. முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. பிரியவதனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வாசலில் வான்காரன் ஒருமுறை கோர்ன் அடித்தான். நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தது. மற்றக் கை, சேலைக்கு மேலால், நெஞ்சைப் பொத்தியிருந்தது.