முந்திக்கொண்ட அடி

சாம்சனின் போனில் பள்ளிக்கூடத்து நம்பர் 'கம்ப்ளெயின்ட்' என்று பதிவாகியிருந்தது. பதிந்தவன் அவனேதான். பள்ளிக்கூடம் என்றோ ஹெட்மாஸ்டர் என்றோ போட்டிருக்கலாம், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் அந்த நம்பரிலிருந்து வேறு எதற்கு போன் வரும்? உன் பிள்ளை பெஞ்சை உடைத்தான், பக்கத்தில் இருந்தவன் மூக்கைக் குத்தினான், வாத்தியாரை முறைத்தான், வந்து நில். பெற்ற பாவத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

அப்படி முதல் தடவை போய் நின்ற அன்று சாம்சன் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். மகன் விமல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த புதிது. வகுப்பில் டியூப் லைட்டைக் கல்லால் அடித்து உடைத்திருந்தான். ஹெட்மாஸ்டர் தணிகைவேலின் அறைக்கு வெளியே அப்பனும் மகனும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் உள்ளே போன ஒரு தகப்பன், என் பையன் அப்படிப்பட்டவனே இல்லை, பார்த்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சட்டம் பேசினான். பேசி முடித்து வெளியே வரும்போது அவன் கையில் மகனின் டிசி இருந்தது. ஒன்பதாவதிலேயே களை எடுத்துவிட்டால்தான் பத்தாவதில் நூற்றுக்கு நூறு காட்ட முடியும் என்பது தணிகைவேலின் கணக்கு. அது ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

சாம்சன் உள்ளே போன வேகத்தில் பெல்ட்டைக் கழற்றினான். விமல் மேசைக்கும் பீரோவுக்கும் நடுவே சுருண்டு விழும்வரை விளாசினான். தணிகைவேலே எழுந்து வந்து, "யோவ், வுடுய்யா, செத்துகித்து வைக்கப்போறான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டிசி புத்தகம் டிராயருக்குள் போனது. சாம்சன் கும்பிடு போட்டு, தன் அப்பன் மோசஸ் தன்னைப் பள்ளியில் விட்டபோது சொன்ன அதே வாசகத்தைச் சொன்னான். "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க சார்."

அவ்வளவுதான், சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அடியை நாம் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால், அவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அதன்பின் பள்ளிக்கூடத்திலிருந்து எப்போது கூப்பிட்டாலும் சாம்சன் முதலில் பிள்ளையை அடிப்பான், அப்புறம்தான் அழைத்துக்கொண்டு போவான். தழும்பைப் பார்த்தால் தணிகைவேலுக்கு மனசு இளகும். எத்தனை பேருக்கு இந்த வழி தெரியும் என்று சாம்சனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கொடுமைக்காரன் என்று அவனை முத்திரை குத்திவிட வேண்டாம். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை. அந்தக் கம்பெனிக்கு இரண்டு கேட். ஐடிஐ படித்த நிரந்தர ஆட்கள் முன்கேட்டில் போவார்கள், காண்ட்ராக்ட் ஆட்கள் பின்கேட்டில் போவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பின்கேட்டில் நுழைந்தவன் இன்றுவரை பின்கேட்டில்தான் நுழைகிறான். அவனும் ஒன்பதாவதோடு நின்றவன். விமல் பத்தாவது பாஸ் பண்ண வேண்டும், ஐடிஐ போக வேண்டும், முன்கேட்டில் போக வேண்டும். ஒரு டிசி போதும், எல்லாம் நாசம். சாம்சன் உலகத்தில் பயந்தது அந்த ஒரு காகிதத்துக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் சுகிர்தா டீச்சர் விமலின் வகுப்புக்கு வந்தாள். திருவள்ளூரில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள். பிள்ளைகளை அடிக்காமல், அவர்கள் செய்யும் நல்லதைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது பற்றிய பயிற்சி. எல்லாம் இரண்டு மாசத்துக்கு என்று மற்ற ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு செய்யும்போது மட்டும் கண்ணில் படுகிற பிள்ளை நல்லது செய்யும்போதும் கண்ணில் பட வேண்டாமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

விமல் அவள் கண்ணில் பட்டான். பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஆந்திராவிலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் அங்கே யாருக்கும் நிற்காது. ஒரு சாயங்காலம் விமல் யாரும் சொல்லாமலே நடு ரோட்டில் கையை விரித்து நின்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடத்திவிட்டதை அவள் பார்த்தாள். மறுநாளே வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். இனி தினமும் அது உன் பொறுப்பு என்றாள். பையன் தலைகீழாக மாறிப்போனான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டான். கடைசி மணி அடித்ததும் முதல் ஆளாக ரோட்டோரம் நின்றான். சின்னதுகள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி வரிசையாகப் போகும். இதெல்லாம் சாம்சனுக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னாடிதான்.

நல்ல செய்தியை முதலில் பெற்றவர்களிடம் சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். சுகிர்தா டீச்சர் இடைவேளையில் பள்ளி போனிலிருந்து சாம்சனைக் கூப்பிட்டாள். ஆகா, கூப்பிடட்டும். ஆனால் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பின்கேட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்தப் பயிற்சி கொடுத்த புண்ணியவான்களுக்குத் தெரியுமா?

ஷிப்ட் முடிந்து சாம்சன் பெட்டியிலிருந்து போனை எடுத்தான். 'கம்ப்ளெயின்ட்' என்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டு என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்பானா? தன் காசைப் போட்டு யாராவது திட்டு வாங்குவார்களா? நேராக வீட்டுக்குப் போனான். விமல் ரோட்டில் பிள்ளைகளைக் கடத்திவிட்டு, அப்போதுதான் வந்து பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். முதல் அடி முதுகில் விழுந்தது. நான் ஒன்றும் பண்ணவில்லை என்று பையன் கத்தினான். எந்தப் பையன்தான் பண்ணினேன் என்று சொல்வான்?

மறுநாள் வந்து நில் என்று ஒருவரும் கூப்பிடவும் இல்லை, டிசி கொடுக்கவும் இல்லை. பார்த்தாயா, வைத்தியம் வேலை செய்கிறது என்று சாம்சன் நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச நாளில் மறுபடியும் அதே மிஸ்டு கால். இந்தத் தடவை பெல்ட்டைக் கழற்றும்போதே விமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னான்.

"டீச்சர் நல்லதுக்குத்தான் கூப்ட்டாங்க நைனா. சத்தியமா. நான் நல்லா கீறேன்னு சொல்றதுக்கு."

சாம்சனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து நல்லது சொல்லக் கூப்பிடுவார்களாமே! அவன் ஆயுசில் கேள்விப்பட்டதுண்டா? அவன் அப்பன் மோசஸைக் கூப்பிட்டார்களா? தப்பும் பண்ணிவிட்டு, கதையும் கட்டுகிறான் பார் என்று பொய்க்கும் சேர்த்து இன்னும் நாலு போட்டான். பெண்டாட்டி ஜெபா குறுக்கே வந்து விழுந்து தடுத்தாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது.

அடுத்த நாள் விமல் சுகிர்தா டீச்சரிடம், வீட்டுக்கு போன் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். கூச்சப்படுகிறான் பிள்ளை என்று அவள் சிரித்திருக்கிறாள். அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றாளாம்.

போனில் பிடிக்க முடியாதென்று ஆனபின் டீச்சர், பள்ளிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகுவிடம் சொல்லி அனுப்பினாள். லோகு சாம்சனுக்கு அடுத்த வீட்டுக்காரன். வெள்ளிக்கிழமை காலையில் கண்டிப்பாக வர வேண்டுமாம், ஹெட்மாஸ்டரும் இருப்பாராம் என்று அவன் வந்து சொன்னான். எதற்கென்று லோகு கேட்கவில்லை. சாம்சனும் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டரும் இருப்பார் என்றால் டிசி தவிர வேறு என்ன இருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன்னால், சாம்சன் தன் வேலையை ஆரம்பித்தான். ஜெபா கதவை மறித்து நின்றாள்.

"இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு அப்பால அடியேன்யா."

"கேட்டப்புறம் அடிச்சி இன்னா புண்ணியம்? அதுக்குள்ள அவுரு எழுதி வெச்சிருப்பாரு."

விமல் இந்தத் தடவை கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அதனால் அடியெல்லாம் கையில் விழுந்தது. அரைக்கை சட்டை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்து தடித்துவிட்டது. இது போதும், நன்றாகத் தெரியும் என்று சாம்சன் நிறுத்தினான்.

பள்ளியில் மரத்தடியில் நாற்காலி போட்டு நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அடப்பாவமே, இத்தனை பேருக்குமா டிசி என்று சாம்சன் மலைத்துப்போனான். சுகிர்தா டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள். அவள் கையில் சிவப்புக் கயிறு கோத்த ஒரு விசில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சாம்சன் மகனை முன்னால் இழுத்து, அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

"அடிச்சிட்டேன் டீச்சர். நல்லாவே அடிச்சிட்டேன், பாருங்க. டிசி மட்டும் வாணாம்."

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எதுக்கு அடிச்சீங்க?"

"எதுவா இருந்தாலும் அடிச்சிட்டேன் டீச்சர்."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னப் பிள்ளைங்கள ரோடு கடத்திவிடுறதுக்காக இவனப் பாராட்டி விசில் குடுக்கத்தாங்க உங்கள வரச் சொன்னேன். அன்னிக்கு போன் பண்ணதும் அதுக்குத்தான். அதுக்கு முன்னாடி பண்ணதும் அதுக்குத்தான்."

சாம்சனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, பிடித்திருந்த மகனின் கையை எப்படி விடுவது என்றுகூடத் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

தணிகைவேல் வேகமாக வந்தார். தழும்பைப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்து இளகிய தழும்பு! இன்று அவர் முகம் சுளித்தது. பாராட்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி வரும் நேரம், இந்தக் கையோடு இவனை மேடை ஏற்றினால் போட்டோவில் விழும், விசாரணை அது இதென்று பேஜாராகிவிடும், வேறு பையனிடம் விசிலைக் கொடுங்கள் என்று டீச்சரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். சுகிர்தா டீச்சர் அதற்குக் கட்டுப்படவில்லை. விமலின் முன்னால் குனிந்து விசிலை நீட்டினாள். இது உனக்குத்தான், மேடை இல்லாவிட்டால் என்ன என்றாள். விமல் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"எனக்கு வாணாம் டீச்சர். போன் பண்ணாதீங்கன்னு உங்களாண்ட சொன்னேன்ல."

விசில் வேறொரு பையனின் கழுத்துக்குப் போனது. போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் ரோட்டோரம் சின்னப் பிள்ளைகள் விமலைப் பார்த்து ஓடிவந்தன. அவன் தனியாகக் கடந்து போய்விட்டான்.

அன்றைக்கே சாம்சன் போனில் 'கம்ப்ளெயின்ட்' என்பதை அழித்துவிட்டு 'சுகிர்தா டீச்சர்' என்று மாற்றினான். தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி மாற்றினான். மகனுக்குக் கோழிக்கறி வாங்கிவந்தான். தலையைத் தடவப் போனால் பையன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் முதல் வேலையாகப் போனைத்தான் பார்த்தான். ஒரு மிஸ்டு காலுக்காக அந்த மனிதன் ஏங்கினான் என்றால் நம்புவீர்களா? டீச்சர் கூப்பிடவே இல்லை. பாவம், அவளுக்கு எப்படிக் கை வரும்?

பிறகு ஒருநாள், பின்கேட்டுப் பெட்டியிலிருந்து கையில் எடுக்கும்போதே போன் அடித்தது. 'சுகிர்தா டீச்சர்' என்று மின்னியது. சாம்சனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களிடம், ஸ்கூல்லேர்ந்து, என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் காதில் வைத்தான். பேசியது தணிகைவேல். விசில் போட்டிருந்த பையனை விமல் அடித்துவிட்டான், இரண்டு பல் போய்விட்டது, நாளைக் காலையில் வந்து நில் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது விமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். மடியில், அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சாம்சன் கட்டாமல் ஆணியில் மாட்டிவைத்திருந்த பெல்ட் இருந்தது. அப்பனைப் பார்த்ததும் எழுந்து அதை நீட்டினான்.

"இன்னிக்கு நெஜமாவே பண்ட்டேன் நைனா."

சாம்சன் வாங்கவில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்ல வந்தான். நாளைக்கு அந்த அறையில் வேறு எதைக் காட்டி நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. உட்காரவைத்து என்னடா நடந்தது என்று கேட்கலாம்தான். எப்படி ஆரம்பிப்பது என்று அந்த நாற்பது வயசு ஆளுக்குத் தெரியவில்லை. மகன்தான் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு ரோடு கடக்கச் சொல்லிக்கொடுப்பவன் மாதிரி, எடுத்துச் சொன்னான்.

"சீக்கிரம் நைனா. இப்ப அடிச்சாத்தான் காலைல அவருக்கு நல்லா தெரியும்."

பெல்ட் இன்னும் நீட்டியபடியே இருந்தது. உள்ளேயிருந்து ஜெபா எட்டிப் பார்த்தாள். சாம்சன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். விமல் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்றான்.