அடைப்புக்குள் இருந்த நாலு

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மூங்கில்துறைப்பட்டிலிருந்து கிளம்பி, லிடியா வீட்டுக் கூடத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கச்சிராயபாளையத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். பிள்ளைகள் எழுந்து சுவரோரம் ஒதுங்கின. போர்டில் இன்னும் விடை போடாத கணக்கு ஒன்று நின்றது: 3(x − 4) + 5 = 2x + 6.

"எம்புள்ள கணக்குல புலி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அந்தப் புலி, ஆல்பின், சாக்பீஸை எடுத்து மளமளவென்று எழுதினான். x = 5 என்று முடித்து, கீழே ஒரு கோடு வேறு இழுத்தான்.

தப்பு. லிடியா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். முன்பு பெண் பார்க்க வந்த ஒருவனிடம் 'அது அப்படி இல்லைங்க' என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். திமிர் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேசிவிட்டுப் போனான். இப்போதும் அப்பா லூர்துராஜ், வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆல்பினை போட்டோவில் பார்த்ததிலிருந்தே அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் தப்பைச் சொன்னால் முறைக்கிறவனோடு ஆயுசுக்கும் எப்படிக் குடும்பம் நடத்துவது?

"x-க்கு அஞ்சு போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டான். இந்தப் பக்கம் எட்டு வந்தது, அந்தப் பக்கம் பதினாறு. அவன் அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. போதாக்குறைக்கு ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்துத் தொலைத்தது.

ஆல்பின் தலையைச் சொறிந்துகொண்டு, பிள்ளைகளில் முன்னால் நின்ற தனுஷாவிடம் குனிந்தான். "எங்க வுட்டேன் பாப்பா?"

"அடைப்புக்குள்ள இருக்கிற நாலையும் மூணால பெருக்கணும்ணா. நீங்க எக்ஸை மட்டும் பெருக்கிட்டீங்க."

"அட, ஆமா!" டஸ்டரை எடுத்த லிடியாவைத் தடுத்தான். "இருக்கட்டுங்க. எங்க சறுக்குனேன்னு எனக்கும் தெரியணும் இல்ல?" பக்கத்தில் புதிதாக ஆரம்பித்தான். 3x − 12 + 5 = 2x + 6. அப்புறம் 3x − 7 = 2x + 6. அங்கே நின்று, "இந்த ஏழு அந்தாண்ட போனா கூட்டல்தானுங்களே?" என்று அவளைக் கேட்டான். அவள் தலையாட்டினாள். பதிமூன்று வந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே போட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு. ஆண்டவரே, இவனை விட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள் லிடியா.

காபி எடுக்கப் போனவளை அப்பா அடுப்படியில் பிடித்துக்கொண்டார். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? போச்சு, எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போவல. எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்குப்பா. போய்ச் சொல்லு."

"அவுங்க இன்னா சொல்லுவாங்களோ..."

கூடத்தில் அந்த அம்மாள் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. "கெளம்பலாமாடா?"

"குந்தும்மா" என்றான் ஆல்பின். "காபியக் குடிச்சிட்டு, நிச்சயத்துக்குத் தேதியும் கேட்டுக்கினுதான் போவணும்."