விரலை எடுத்ததும் நின்ற மோட்டார்

கிருசாந்தி ஏதென்சில் மின்பொறியியல் படித்தவள். பிறகு தொழில்நுட்ப ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் கற்பித்தலும் பயின்றவள். அப்பா கப்பல் வேலைக்குப் போய்க் கிரேக்கத்தில் கரையிறங்கியதால் வாய்த்த படிப்பு. கல்யாணமாகி ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு வந்தபின் அந்தப் படிப்பை ஒருவரும் சீண்டவில்லை. கேபிள் தொழிற்சாலையில் வயர் சோதித்துக் காலம் போனது. இன்று தேர்வாளர் முன்னால் வகுப்பெடுத்துக் காட்டும் பரீட்சைப் பாடத்தில் தேறினால் தொழிற்பள்ளியில் ஆசிரியை. இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் கேபிள்தான்.

அதே பள்ளியில் படிப்பிக்கும் ஐங்கரன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உன்ர பாடத்தைப் பாத்துப் புள்ளி போட வாற லின்ட்னர் அம்மா நல்ல மனுசி. ஆனா பாடத்திட்டத்தை முழுக்க முடிக்கோணும். அதில மட்டும் விட்டுக்குடுக்க மாட்டா."

"ஓம் அண்ணை, முடிப்பன்."

அப்போது அவள் மனதார அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பாடம் எளிதானது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், விரலை எடுத்த பிறகும் ஓட வேண்டும். சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். பலகையில் வரைந்தாள், விளக்கினாள், "விளங்கியதா?" என்று கேட்டாள். வகுப்பு மொத்தமாகத் தலையாட்டியது. பின்வரிசையில் லின்ட்னர் அம்மையார் திருப்தியோடு பேனாவை எடுத்தார். அங்கேயே அடுத்த பகுதிக்குத் தாவியிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும்.

ஏதென்சில் பயிற்சி ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் மாணவராக உட்காருவார்கள். விளங்கியது என்று வாயால் சொன்னால் அங்கே செல்லாது. சொன்னவர் எழுந்து போய்ச் செய்து காட்ட வேண்டும், அதுவரை பாடம் நகராது. கிருசாந்தியே ஒருமுறை சும்மா தலையாட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் வயரைப் பிடித்தபடி முழித்திருக்கிறாள். அந்த வெட்கம் அவளை விட்டுப் போகவில்லை. தலையாட்டலை நம்ப அவளால் முடியாது.

"யோனாஸ், வந்து இணைத்துக் காட்டு" என்றாள்.

முன்வரிசை யோனாஸ் இணைத்தான். பச்சையை அழுத்தினான். மோட்டார் ஓடியது. விரலை எடுத்தான். நின்றுவிட்டது. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் நின்றது. தலையாட்டிய ஒருவருக்கும் விளங்கியிருக்கவில்லை.

லின்ட்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எந்த வயர் குறைகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சப் பாடத்தை ஓட்டிவிடலாம். அவள் சொல்லவில்லை. "விரல் செய்த வேலையை இனி யார் செய்யப்போகிறார்கள்? தேடுங்கள்" என்றாள். அவர்கள் தேடினார்கள், சண்டை பிடித்தார்கள், கழற்றி மாட்டினார்கள். மணி அடித்தபோது திட்டத்தில் பாதி அப்படியே கிடந்தது.

பக்கத்து அறையில் லின்ட்னர் கனிவாகவே பேசினார். "பாடம் முடியவில்லை. பதற்றம் என்று நீங்கள் சொன்னால் அப்படியே குறித்துக்கொள்கிறேன். அடுத்த மாதமே இன்னொரு வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் தோல்விதான், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்."

கூடவே வந்திருந்த ஐங்கரன் பதறிப்போனார். "ஓமெண்டு சொல்லு பிள்ளை. ஒரு சொல்லுத்தானே."

கிருசாந்திக்குக் கோபம் பொங்கியது. பதறியிருந்தால் வயரைக் காட்டிக்கொடுத்துவிட்டு மிச்சப் பாடத்தை ஓட்டியிருப்பாள். பதறாததால்தான் நின்றாள்.

"நான் பதறவில்லை" என்றாள் ஜெர்மனில், தெளிவாக. "அவர்களுக்கு விளங்கவில்லை, அதனால் நிறுத்தினேன். தோல்வி என்றே எழுதுங்கள். அடுத்த வருடமும் வருவேன். விளங்காவிட்டால் இதே இடத்தில்தான் நிற்பேன்."

லின்ட்னர் எழுதினார். தோல்வி என்றுதான்.

நடைவழியில் ஐங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வருசம் வீணாப் போச்சே. திங்கக்கிழமை திரும்பவும் கேபிளோ?"

"ஓம் அண்ணை." அழுகையை விழுங்கிக்கொண்டு வகுப்பறைப் பக்கம் திரும்பினாள்.

"அங்க ஏன் போறாய்? பரீட்சை முடிஞ்சுது."

"பரீட்சை முடிஞ்சுது அண்ணை. பாடம் முடியேல்லை."

உள்ளே இடைவேளைக்குக்கூடப் போகாமல் பிள்ளைகள் இன்னும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு போய் நின்றாள்.