விஜிதரன் மாட்டிய வெள்ளை லைட்

விஜிதரன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புது லைட் மாட்டிய விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் அதை முதல்முதலாகப் போட்ட அன்று எதிர்மலை லயத்து நாய்களெல்லாம் குரைத்தன.

பக்கத்துக் காம்பிராக்காரி என்ற முறையில் எனக்குச் சில விஷயங்கள் தானாகவே தெரிந்துவிடும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகளெல்லாம் ஒரே வரிசை, எங்கள் இரண்டு காம்பிராவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரை போகவில்லை. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முகிறேன். பேச்சு மட்டும் வராமல் இருக்குமா? ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விஜிதரன், மீனம்மாவின் ஒரே மகன். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் மஸ்கெலியா ரோட்டால் திரும்பி வருவான். மழை மாதங்களில் அந்த ரோட்டில் நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். அவனுடைய பைக்கில் இருந்த பழைய லைட்டோ, தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தது போல. எனவே லைட்டை மாற்றியதில் பிழை சொல்ல மாட்டேன். மாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பெரிய லைட்டுக்குள் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் ஒன்று, ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு குட்டி லைட், நடுவில் சிமிட்டுகிற நீல லைட் ஒன்று. தேர் வருகிறதோ என்று கடைசிக் காம்பிராக் கந்தப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

பாவம், பையன் பொறுப்பில்லாதவன் இல்லை. லைட்டைப் போட்ட அன்றே போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பைக்கை லயத்து வாசலில் சுவரைப் பார்க்க நிறுத்தி, லைட்டின் உயரத்தை நாடாவால் அளந்து, சுவரில் சோக்கால் ஒரு கோடு போட்டான். வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு வரும் வரை ஸ்க்ரூவைத் திருப்பினான். அது என் சுவர். கோடு இன்னும் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சந்தியில் நின்ற பொலிஸ் சார்ஜன்ட் கையைக் காட்டினார். "மல்லி, நில் லயிட் தான்ன பே," நீல லைட் போடக் கூடாது என்று சிங்களத்தில் சொல்லி, நீல லைட்டை அந்த இடத்திலேயே கழற்ற வைத்தார். அது நடந்தது பட்டப்பகலில். மற்ற லைட்டெல்லாம் அணைந்து கிடந்தன. ஆனால் நம்ம ஆள் வீட்டுக்கு வந்து தாயிடம் என்ன சொன்னான் தெரியுமா?

"பொலிஸே பாத்துட்டாங்கம்மா. நீலம் மட்டுந்தான் கூடாதாம். மத்ததெல்லாம் ஓக்கே."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அவனுக்குக் கல்யாணப் பேச்சும் நடந்தது. பெண் தனுஷிகா, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் சிறுவர் பாடசாலை டீச்சர். பேச்சு என்பது பெரியவர்களுக்காக. அவர்கள் இருவரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். (சுவர்.) தனுஷிகா தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் முத்துலிங்கம்தான் வளர்த்தவர். அவர் தலையாட்டினால் கல்யாணம், ஆட்டாவிட்டால் இல்லை. ஆள் மஸ்கெலியா–ஹட்டன் பஸ் டிரைவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் பெண்ணின் தாயும் ஒரு வேனில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். வடை சுட ஆள் வேண்டுமே என்று நானும் போயிருந்தேன். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள்.

"வாங்கண்ணே, வாங்க. இஸ்தோப்புல பாத்து வாங்க, ஈரமா கெடக்கு," என்றாள் மீனம்மா, முன்வாசல் திண்ணையைத் துடைத்தபடியே.

முத்துலிங்கம் நல்ல மாதிரி. கூரையைப் பார்த்தார், குறை சொல்லவில்லை. வடையைப் பார்த்தார், நாலு எடுத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பேச்சு ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"இப்ப மழ கூடப் பரவால்ல தங்கச்சி. ஒரு பய வர்றான் பாருங்க, நெத்தியில சூரியன வச்சுக்கிட்டு! பாலத்து வளைவுல அவன் வந்தான்னா எனக்கு ரோடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. பின்னால நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. போன செவ்வாக்கெழம நடு ரோட்டுலயே பஸ்ஸ நிப்பாட்டிப்புட்டேன்."

நான் அவசரமாக அவர் தட்டில் இன்னொரு வடை வைத்தேன். மீனம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள். விஜிதரன் மட்டும் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாமல், ஆத்திரமாகவே சொன்னான்:

"அந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் லைசனே குடுக்கக் கூடாது மாமா."

"அப்புடிச் சொல்லு மாப்புள!" என்று அவன் முதுகில் தட்டினார் முத்துலிங்கம்.

அவன் நடிக்கவில்லை. அளந்து வைத்தவன் அல்லவா! எவனோ அளக்காதவனைப் பற்றித்தான் மாமா சொல்கிறார் என்று மனதார நம்பினான்.

நம்பியவன் அத்தோடு இருந்திருக்கலாம். அவர்கள் புறப்படும்போது பனிமூட்டம் கொழுந்து மலையை மூடிவிட்டது. வேன் மேல் ரோட்டில் நின்றது. படிக்கட்டு தெரியவில்லை. "இருங்க மாமா, வெளிச்சம் காட்டுறேன்," என்று ஓடிப்போய்ப் பைக்கை மேல் ரோட்டுக்கு ஏற்றி, திருப்பி, லைட்டைப் போட்டான்.

மருமகன் காட்டிய மரியாதை நேரே மாமன் முகத்தில் போய் அடித்தது.

"அணைடா அத!"

அணைத்தான். முத்துலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நீதானா அது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எங்களுக்குத் தேவலை. "எதிர்ல வர்றவன் கண்ணப் பத்தி யோசிக்காத ஆளு, பின்னால உக்காரப் போற புள்ளயப் பத்தி என்னத்த யோசிப்பான்?" அவ்வளவுதான். வேன் போய்விட்டது. தாம்பாளத்தில் மிச்ச வடை பனியில் நமத்தது.

அன்று மாலையே தனுஷிகாவின் போன் வந்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அதற்கு நான் பொறுப்பில்லை.

"மாமா ஒரு வாரம் டைம் குடுத்திருக்காரு. சனிக்கெழம அஞ்சரை பஸ்ஸு அவருதான் ஓட்டுறாரு. நீங்க எப்பவும் வர்ற மாதிரி வரணுமாம். அன்னைக்கும் கண்ணு கூசுச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுரணும்ங்கிறாரு."

"நான் அளந்துதானே தனு வச்சேன்! சரி, அன்னைக்கு லைட்டே போடாம வந்துர்றேன்."

"லைட்டு போடாம அந்த வளைவுல வந்தா, பேச்சு மட்டுமில்ல, மாப்புளயும் இருக்க மாட்டாரு. ஒழுங்கா யாருகிட்டயாவது காட்டுங்க. எனக்குப் பயமா இருக்குங்க. மாமா சொன்னா மாத்த மாட்டாரு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் சாப்பிடவில்லை. பாத்திரச் சத்தம் இல்லாததை வைத்துச் சொல்கிறேன்.

மறுநாள் பைக்கைத் தள்ளிக்கொண்டு லோஜனின் கராஜுக்குப் போனான். லோஜன் எங்கள் மேட்டு லயத்துப் பையன். டவுனில் கராஜ் வைத்திருக்கிறான். அங்கே நடந்ததை அவனாகவே என்னிடம் சொன்னான். நான் நாலு தடவைதான் கேட்டேன்.

"எங்க வச்சுடா செட் பண்ணுன?" என்று கேட்டிருக்கிறான் லோஜன்.

"லயத்து வாசல்ல."

"லயத்து வாசல்ல ஒரு தேங்காய வச்சா எங்க போயி நிக்கும்?"

விஜிதரன் யோசித்துவிட்டு, "பக்கத்துக் காம்பிரா செவுத்துல," என்றிருக்கிறான்.

"அப்பறம்? பைக்கு மூக்கக் கீழ குத்திக்கிட்டு நின்னிருக்கு. வெளிச்சம் கீழ விழுதுன்னு நீ லைட்ட மேல தூக்கிட்ட. இப்ப அது ரோட்டப் பாக்கல ராசா, பஸ்காரரு மூஞ்சியப் பாக்குது."

வீடியோக்காரன் சமதரை என்று சொல்லாமலா இருந்திருப்பான்? சொல்லியிருப்பான். ஆனால் எங்கள் மலையில் பிறந்தவனுக்குக் கால் வழுக்காமல் நிற்க முடிகிற இடமெல்லாம் சமதரைதான். நாற்பது வருடமாக நானே அந்த வாசலைச் சமதரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாளி ஏன் அடிக்கடி உருள்கிறது என்று இப்போதுதான் விளங்கியது.

பிழை அதோடு முடியவில்லை. அந்த லைட்டின் கூடு பழைய பல்புக்காகச் செய்யப்பட்டதாம். அதற்குள் இந்த வெள்ளைப் பல்பை வைத்தால் வெளிச்சம் ஒரு ஒழுங்கில்லாமல் நாலு பக்கமும் சிதறுமாம். "பனிக்குள்ள போனா அடிச்ச வெளிச்சம் ஒனக்கே திரும்பி வந்திருக்குமே?" என்று லோஜன் கேட்க, "வந்துச்சு. வெள்ளச் செவுரு மாதிரி இருந்துச்சு. நல்ல பவரு போலன்னு நெனச்சேன்," என்றானாம் நம்ம ஆள்.

லோஜன் வெள்ளைப் பல்பையும் குட்டி லைட் இரண்டையும் கழற்றிவிட்டான். கூட்டின் கண்ணாடியை மாற்றினான். பச்சைக் களிம்பு பிடித்திருந்த பழைய ஒயரை வெட்டிப் புது ஒயர் போட்டான். பழைய மாதிரியே ஒரு புது மஞ்சள் பல்ப். "இப்ப பாரு. ஒம் பழைய லைட்டுல ஒரு கொறையும் இல்ல, ஒயருதான் செத்துக் கெடந்துச்சு. சட்டம் என்னா பெருசா கேக்குது? முன்னுக்கு வெள்ளையோ மஞ்சளோ. எதிர்ல ஆளு வந்தா டிம்மு. அவன் கண்ணுல அடிக்கக் கூடாது. இதுக்குப் போயி கோயில் திருவிழா நடத்திருக்கியே!"

இனி உயரம் சரிபார்க்கச் சமதரை வேண்டும். எங்கள் தோட்டத்தில் உண்மையான சமதரை என்றால் கொழுந்து நிறுக்கிற மடுவத்து முற்றம்தான். அது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் ராச்சியம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நிறுவை முடியும் வரை காத்திருந்து, விஜிதரன் தலையைச் சொறிந்துகொண்டு அனுமதி கேட்டான்.

"காலையில ஆளுங்கள வரிசைல நிப்பாட்டத்தான் பெரட்டுன்னு நெனச்சேன், இப்ப பைக்குக்குமா?" என்றார் கண்டாக்கையா. ஆனாலும் விட்டார். விட்டதோடு வேடிக்கை பார்க்கவும் நின்றுவிட்டார்.

நானும் மீனம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, லோஜனும் விஜிதரனும் மடுவத்துச் சுவரில் கோடு போட்டார்கள். விஜிதரன் ஏறி உட்கார்ந்தான். வெளிச்சம் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் அளவில் அழகாகப் படுத்திருந்தது. நாங்கள் கைதட்டப் போனோம். லோஜன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பின்னால ஒரு ஆளு ஏறணும். கல்யாணத்துக்கப்பறம் தனுஷிகா உக்காருவாள்ல?"

மீனம்மா பைக் என்றால் பத்தடி தள்ளி நிற்பவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சித்தி, ஒரு நிமிசம் உக்காருங்க சித்தி. ஓட்ட மாட்டேன்."

என் எடையை இங்கே எழுதப் போவதில்லை. கொழுந்துத் தராசு பக்கத்திலேயே தொங்கியது. கண்டாக்கையா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நல்ல மனுஷனாக மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். பைக்கின் பின்பக்கம் அமுங்கியது. சுவரில் இருந்த வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே குதித்தது.

"பாத்தியா?" என்றான் லோஜன். "அடிக்கடி பின்னால கடைச் சாமான் கட்டிக்கிட்டுத்தானே வர்ற? அப்ப இன்னும் மேல பாத்திருக்கும்."

 விஜிதரன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உயரத்தில்தான் பஸ் டிரைவர் ஒருவரின் முகம் இருக்கும். "நான் அந்த நாப்பது பேரையும் பள்ளத்துல தள்ளிவிடப் பாத்திருக்கேன் சித்தி," என்றான் மெதுவாக. முதல் தடவையாக அவனைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்க்ரூவைத் திருப்பி, வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார்கள்.

சனிக்கிழமை எனக்கு மஸ்கெலியாவில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பதா முக்கியம்? திரும்பி வர அஞ்சரை பஸ்தான் கிடைத்தது. டிரைவருக்குப் பின் சீட்தான் கிடைத்தது. எங்கள் தோட்டத்து முச்சந்தியில் கண்டக்டர் மணியடித்தார். நான் இறங்கவில்லை. விஜிதரன் எதிரே வருவது அதற்கு அப்பால்தானே? நோர்வூட் வரை டிக்கெட் எடுத்திருந்தேன்.

பனிமூட்டம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. முத்துலிங்கம் முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். பாலத்து வளைவு வந்ததும் இன்னும் மெதுவாக்கினார். எதிரே ஒரு லொறி போனது. அதன் பின்னால் ஒரு வேன். பிறகு, தரையோடு தரையாக ஒரு மஞ்சள் வெளிச்சம் நனைந்த தாரைத் தடவிக்கொண்டு வந்து எங்களைக் கடந்து போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவப்பு மழைக்கோட்டு. மீனம்மா தோளில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. பின்னால் இரண்டு சாமான் மூட்டைகள் வேறு.

வளைவு முடிந்தது. இன்னொரு வளைவும் முடிந்தது. முத்துலிங்கம் இன்னமும் குனிந்தபடிதான் இருந்தார்.

"என்னா இன்னும் அந்தப் பயலக் காணோம்," என்றார் கண்டக்டரிடம். "பயந்துக்கிட்டு வராமயே இருந்துட்டான் போல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் போயாச்சுங்கண்ணே."

"எவன்?"

"விஜிதரந்தான். பாலத்துக்கிட்ட. வேனுக்குப் பின்னால."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வடைக்காரி என்று அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். "மஞ்ச லைட்டு ஒன்னு போச்சே, அதுவா?"

"அதேதான்."

"அது எவனோன்னு நெனச்சேன்."  குனிந்திருந்த முதுகு மெல்ல சீட்டில் சாய்ந்தது. "ஒழுங்காத்தான் போறான்," என்றார். பிறகு, "எத்தன மூட்ட கட்டியிருந்தான்?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க."

"ரெண்டு மூட்டையோடயா?" தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைத்தான் ஒரு வாரமாக எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். "மீனம்மா தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கெழம பரிசம் போட வரட்டும்."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இப்படி ஒரு செய்தி. இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் இருக்கும் பஸ்ஸோ எங்கள் லயத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது. போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் மீனம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"மணிய அடிங்க தம்பி, நான் எறங்கணும்!" என்றேன்.

"நோர்வூட்டுக்கு இன்னும் தூரம் இருக்கேக்கா," என்றார் கண்டக்டர்.

"தெரியும். அடிங்க."

பனிக்குள் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, மஸ்கெலியா பஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.