இரண்டாவது தட்டு

ராத்திரி மழையில் செம்மறிகள் நனைந்துவிட்டன. நனைந்த ஆட்டின்மேல் கத்தரி வைக்க மாட்டோம் என்று ரோமம் கத்தரிக்கும் கொட்டகை ஆட்கள் கை தூக்கி ஓட்டுப்போட்டுச் சொல்லிவிட்டார்கள். வேலையில்லாத நாளில் சிட்னி வாரப் பத்திரிகையை ஒருவன் உரக்கப் படிப்பான், மற்றவர்கள் தேநீரோடு படுத்துக் கேட்பார்கள். எப்போதும் படிக்கிறவன் ஜேபஸ்தான். அன்றைக்கு அவர்களில் ஒருவனான ஸ்னோவி டாக்கெட் சாராயக்கடையிலிருந்து புது இதழைக் கொண்டுவந்திருந்தான்.

அதில் பேர் போடாமல் வரும் கதைகளை எழுதுகிறவனும் ஜேபஸ்தான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. இந்த வாரக் கதை, பெண்டாட்டி விட்டுப்போன பிறகும் தினமும் மேசையில் அவளுக்கு ஒரு தட்டு வைக்கிறவனைப் பற்றியது. எதிர்க் கட்டிலில் படுத்திருக்கும் கூட்டாளி கான் ஹெஃபர்னன் அவனிடம் மட்டும் சொன்ன தன் சொந்த விஷயம். ஊரையும் பேரையும் மாற்றியிருந்தான். கேட்டால் கானுக்கு மனசு ஆறும் என்றுகூட நம்பினான், பாவி.

படிக்கப் படிக்கக் கொட்டகை அடங்கிப்போனது. ஜேபஸ் பக்கத்தைத் திருப்பினான். முடிவு அவன் எழுதியதே இல்லை. சிட்னி பத்திரிகை ஆபீசில் எந்த நாசமாய்ப் போகிறவனோ மாற்றியிருந்தான். அந்தத் தட்டுக்கு முன்னால் நாயை உட்காரவைத்து, அதன் தலையில் பெண்டாட்டியின் தொப்பியைக் கட்டியிருந்தான்.

ஜேபஸ் பத்திரிகையைப் பார்த்துப் படிக்கிற பாவனையில், தான் எழுதிய முடிவையே மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"நிறுத்துப்பா," என்றான் ஸ்னோவி. "நேத்தே கடையில வாசிச்சு விழுந்து விழுந்து சிரிச்சோம். நாய் வருமே, அத எங்க முழுங்கின?"

பத்திரிகையைப் பிடுங்கி அவனே படித்தான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அவளுக்கு நாயே மேல்டா," என்றான் ஒருத்தன். "கூப்பிட்டா வந்துரும்ல."

கான் சிரிக்கவில்லை. எழுந்து கம்பளியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வெளியே போனான். ஜேபஸ் பின்னாலேயே ஓடினான்.

"கான், அந்த நாய நான் எழுதலடா. சத்தியமா. அவனுங்களாச் சேத்துட்டானுங்க."

கான் திரும்பினான். "அப்போ எழுதுறவன் நீதான்."

"நாய் என்னுது இல்லடா."

"சரி. தட்டு?"

கான் கம்பளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.